இரண்டு சனிக்கிழமைகள்

இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. அரோரங்கி தேவாலயத்தின் பவளச் சுண்ணாம்புச் சுவர்மேல் கைவைத்துச் சத்தியம் செய்யலாம். அந்தச் சுவரைத் தொட்டுப் பொய் சொன்னவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது ராரோடொங்காத் தீவில் எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கு மூன்று வருஷம் வலையில் மீனே விழவில்லை. இன்னொருவர் நாடாளுமன்றத்துக்குப் போனார். ஆகவே கிழமை, மணி, தூரம் எல்லாம் உள்ளது உள்ளபடி.

நூரோவா விமானத்தின் வயிற்றுக்குள் மண்டியிட்டு, ஒட்டுநாடா சுற்றிய ஐஸ் பெட்டி ஒன்றைக் கடைசி வரிசையில் நெருக்கி அடைத்துக்கொண்டிருந்தபோது கால்சட்டைப் பைக்குள் கைபேசி துடித்தது. ஆக்லாந்தில் வெள்ளிக்கிழமை காலை மணி எட்டு. வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது என்பது சட்டம், அவன் எடுக்கவில்லை. பெட்டியை அடைத்தான். வலையை மாட்டினான். கீழே இறங்கிக் கதவைச் சாத்தித் தாழைத் திருகினான். இழுவை வண்டியில் உட்கார்ந்திருந்த செமீசி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். விமானம் நகர்ந்து போன பிறகுதான் நூரோவா கைபேசியைப் பார்த்தான். ஊரிலிருந்து அக்கா கிமியோரா. திரும்பக் கூப்பிட்டான்.

“அப்பா போயிட்டாருடா,” என்றாள். “இப்பத்தான். டீல பிஸ்கட்டை நனைச்சுத் தின்னாரு. வாயைத் துடைச்சு விடுன்னாரு. துடைச்சிட்டுத் துண்டை மடிச்சு வச்சுட்டுத் திரும்பறேன், ஆள் இல்ல.”

நூரோவா ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“கேக்குதா? சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு அடக்கம். அம்மா தைச்ச போர்வையை எடுத்துக்கிட்டு வந்துரு. பத்துன்னா பத்துதான், பாதிரியாருக்குப் பதினோரு மணிக்கு ஒரு கல்யாணம் இருக்கு. அவரு நமக்காகக் கல்யாணத்தைத் தள்ளி வைக்க மாட்டாரு. என்ன?”

“சரிக்கா.”

அதோடு இணைப்பு அறுந்தது. இரண்டு பேரில் ஒருவர் கைபேசியில் எப்போதும் காசு தீர்ந்துபோகும்; அன்று அவனுடையதில் தீர்ந்தது.

விமானம் ஓடி எழும்பியது. ஆக்லாந்திலிருந்து ராரோடொங்காவுக்கு மூவாயிரம் கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைவு. பத்தொன்பது வருஷமாக அந்த விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறவனுக்கு அந்த எண்கள் சொந்த வீட்டு எண் மாதிரி. உள்ளே இருக்கும் ஐஸ் பெட்டிகளும் மோட்டார் சைக்கிள் டயர்களும் யாரோ ஒருவருடைய புத்தம்புதுக் கழிப்பறைத் தொட்டியும் இன்றைக்கே அங்கே போய் இறங்கிவிடும். கதவைச் சாத்தியது அவன்தான்.

“யாரு போன்ல?” என்றான் செமீசி. டோங்காக்காரன், உரக்கத்தான் பேசுவான்.

“அக்கா. அப்பா செத்துட்டாரு.”

செமீசி வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். காதுக் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அடுத்த விமானம் எப்போ?”

“நாளைக்குப் பத்தே முக்கால்.”

“அடக்கம்?”

“நாளைக்குக் காலைல பத்து. அங்க பத்துன்னா இங்க எட்டு.”

இந்த இரண்டு மணி நேர வித்தியாசத்தில் நூரோவா தப்பே பண்ண மாட்டான். அக்கா வாரா வாரம் அங்கே ஏழு மணிக்கு எழுந்து, இங்கே ஐந்து மணிக்கு அவனை எழுப்பிவிடுவாள். அந்தப் பாடம் எலும்பில் ஏறியிருந்தது. ஆகவே கணக்குச் சுத்தம். அப்பாவை மண்ணுக்குள் வைத்து இரண்டே முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான் விமானம் ஆக்லாந்தைவிட்டே கிளம்பும்.

அவன் மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். மேலதிகாரி விடுப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் ‘தந்தை’ என்று எழுதினான். ‘தந்தைக்கு என்ன?’ என்று கேட்டார். அதற்கு மேல் எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை என்றான்.

ஆக்லாந்தின் புறநகரான மாங்கரேயில் இருந்த அவன் வீட்டில் சாயந்தரத்துக்குள் பதினேழு பேர் கூடிவிட்டார்கள். அப்பாவின் தங்கை மெரே அத்தை சமையலறையைக் கைப்பற்றியிருந்தாள். கைபேசி ஒலித்தது. அக்கா. நூரோவா அதைக் கவிழ்த்து வைத்தான்.

“எடுடா,” என்றாள் அத்தை.

“எடுத்து என்ன சொல்ல? வர முடியாதுன்னா?”

“அதைத்தான் சொல்லணும்.”

“போர்வை வருமான்னு கேப்பா.”

அத்தை உருளைக்கிழங்கை உரித்தாள். ஊரில் யாரையும் போர்வை இல்லாமல் அனுப்புவதில்லை. வெறும் போர்வையல்ல, பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து தைக்கும் திவாயிவாய். அம்மா கடைசியாகத் தைத்தது நூரோவாவின் கல்யாணத்துக்கு: வெள்ளைத் துணியில் சிவப்புச் செம்பருத்திகள், இலைகள் பச்சை, ஓரிடத்தில் பச்சை நூல் தீர்ந்துபோய் நீலம். அம்மா போன பிறகு அப்பா ஒரு தடவை ஆக்லாந்துக்கு வந்திருந்தார். அலமாரியைத் திறந்து அதை வெகு நேரம் பார்த்தார். “இது எனக்கு. நீ வேற வாங்கிக்கோ,” என்றார். மூன்று வாரம் தங்கியதில் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

கைபேசி நான்கு தடவை ஒலித்தது. நான்கு தடவையும் நூரோவா அது ஒலித்து ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பதினேழு பேரில் கடல் தாண்டாதவர்கள் ஒருவரும் இல்லை. இங்கே சனிக்கிழமை ஏறினால் அங்கே வெள்ளிக்கிழமை இறங்குவோம் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். ஒரே வாரத்தில் இரண்டு பிறந்தநாள் கொண்டாடிய சித்தப்பா உண்டு. திருமண நாளையே தாண்டிக் குதித்துவிட்டு, அன்று விடிந்தபோது மறுநாளாக இருந்தது என்று மனைவியிடம் சாதித்தவர் உண்டு. பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் ஆன அந்த வேடிக்கை சாவுக்கும் பொருந்தும் என்று மட்டும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“நாளைக்கு எட்டு மணிக்கு நாமளும் இங்கயே பண்ணிடலாம்,” என்றாள் அத்தை. “அங்க இறக்குற நேரத்துக்கு இங்க பாட்டுப் பாடிடலாம். என்ன இருந்தாலும் மண்ணு மண்ணுதான்.”

“எதைப் புதைக்கிறது?”

“போர்வையை?”

“போர்வை வேணாம்,” என்றான். “கிறிஸ்மஸுக்குப் போறப்ப கொண்டுபோய் மேல போடறேன்.”

தேடியதில் பின்கட்டு ஆணியில் ஒரு மீன்பிடித் தொப்பி கிடைத்தது. அப்பா வந்திருந்தபோது மறந்து விட்டுப்போனது. அத்தை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “அண்ணன் வாசனை அப்படியே இருக்கு,” என்று முந்நூறு மைல் தூரம் கேட்கும்படி அழுதாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, வாடகை வீட்டின் பின்புறத்தில், துணி காயப்போடும் கம்பத்துக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவே, பதினேழு பேரும் செமீசியும் நின்றார்கள். நூரோவா முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினான். இரவு பெய்த மழையில் மண் களியாகி அவன் சப்பாத்தில் அப்பியது. பாட்டு எழுந்தது, ஆண்கள் அடியில் முழங்க, பெண்கள் மேலே ஏறிப் பாட, பக்கத்து வீட்டு நாய் தானாகவே அமைதியாகிவிட்டது. தொப்பியை இறக்கினார்கள். ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நூரோவா தன் பங்கைப் போட்டுவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்பதுபோல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரவில்லை. கம்பத்தில் கிடந்த துணி சாயந்தரத்துக்குள் காயுமா என்று யோசித்தான்.

எல்லாரும் உள்ளே போன பிறகு செமீசி பக்கத்தில் வந்தான்.

“ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“அந்தத் தொப்பி என்னோடது. போன கோடைல விட்டுட்டுப் போனேன்.”

நூரோவா மேட்டை மண்வெட்டியால் தட்டிச் சமப்படுத்தினான்.

“தோண்டித் தரட்டுமா?”

“வேணாம், இருக்கட்டும். நல்லா பாடினாங்க,” என்றான் செமீசி.

எட்டு நாற்பதுக்கு நூரோவா படிக்கட்டில் உட்கார்ந்து, கைபேசியில் காசு போட்டு அக்காவைக் கூப்பிட்டான். முடிந்துபோனதைப் பற்றிப் பேசுவது அத்தனை கஷ்டமில்லை.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாக்கா?”

“எது?”

“அடக்கம்.”

“எந்த அடக்கம்? அப்பாவை இப்பத்தான் ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டாந்தோம். இன்னும் நாற்காலியே வந்து சேரல. நேத்துலேர்ந்து உனக்கு எத்தனை தடவைடா அடிக்கிறது? என்னிக்கு வர்றேன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

“சனிக்கிழமை பத்து மணின்னியே.”

“ஆமா. நாளைக்கு.”

“இன்னிக்குச் சனிக்கிழமைக்கா.”

“உனக்கு,” என்றாள் அக்கா.

நூரோவா கைபேசியைக் காதோடு அழுத்தினான். அங்கே ஒரு சேவல் கூவியது மட்டும் கேட்டது.

“நீ எங்கடா வேலை பாக்குற?”

“ஏர்போர்ட்ல.”

“நல்லாப் பாரு,” என்று அவள் வைத்துவிட்டாள்.

நூரோவா போர்வையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். சப்பாத்தை மாற்றவில்லை. செமீசி ஓட்டினான். எட்டு நிமிஷத்தில் விமான நிலையம். வரிசையில் முண்டியடித்துப் போய் நின்றால், விமானத்தில் ஒரு இடமும் இல்லை. பெண்கள் பந்தாட்டக் குழு ஒன்று, இருபத்திரண்டு பேர், எல்லாரும் ஆறடி, விளையாடப் போகிறார்கள்.

“ஊழியர்னாலும் இடம் இருந்தாத்தானே அண்ணே தர முடியும்?” என்றாள் கவுண்டர் பெண். “மடியில உக்காந்து போக விடமாட்டாங்க.”

பின்னால் நின்றிருந்த கிழவர் ஒருவர், கையில் பொரித்த கோழி வாளி இரண்டு, எட்டிப் பார்த்தார்.

“தம்பிக்கு என்ன அவசரம்?”

“அப்பா இறந்துட்டாரு. நாளைக்கு அடக்கம்.”

“யாரு அப்பா?”

“அரோரங்கி தெவாய்.”

கிழவர் யோசித்தார். “தெவாய்க்கும் எனக்கும் ஒரு படகு விஷயமா பதினோரு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல,” என்றார். பிறகு தன் பயணச்சீட்டைக் கவுண்டரில் வைத்தார். “என் பன்னியைப் பாக்கத்தான் போறேன். குட்டி போட்டிருக்காம். அது நாளைக்கும் குட்டியாத்தான் இருக்கும். இவனை ஏத்து.” கோழி வாளியில் ஒன்றை நூரோவாவின் கையில் திணித்தார். “இதை வீட்டுல வை. நான் கொடுத்தேன்னு சொல்லாதே.”

அப்படித்தான் நூரோவா மேலே, ஜன்னல் ஓரத்தில், இரண்டு பந்தாட்டக்காரிகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி, மடியில் போர்வையோடும் அதன் மேல் கோழி வாளியோடும் உட்கார்ந்தான். பத்தொன்பது வருஷத்தில் அந்த விமானத்தின் பயணிகள் பகுதியில் அவன் உட்கார்ந்தது ஐந்தாறு தடவை இருக்கும். காலுக்குக் கீழே ஏதோ ஒன்று இங்கும் அங்கும் உருளும் சத்தம் கேட்டது. இடது பக்கம், மூன்றாவது வரிசை, வலை சரியாக மாட்டவில்லை. நான்கு மணி நேரமும் அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

நடுவே விமானி பேசினார். கடல் நடுவே நாள் மாறும் கோட்டைத் தாண்டிவிட்டோம், எல்லாருக்கும் மறுபடியும் வெள்ளிக்கிழமை வாழ்த்துகள் என்றார். பந்தாட்டக்காரிகள் கைதட்டினார்கள். நூரோவா நேற்றைய வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்த்தான். அதைச் சரியாகச் செலவழிக்கவில்லை. இப்போது இன்னொன்று கையில் கொடுத்திருக்கிறார்கள். இதில் அப்பா இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அதிலோ ஒரு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

ராரோடொங்காவில் இறங்கியதும் கிருமி சோதனை மேசையில் நின்றவள் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு முந்தின வகுப்பு.

“போர்வை சரி. கோழி சரி. சப்பாத்துல என்ன?”

“மண்ணு.”

“எந்த ஊர் மண்ணு?”

“ஆக்லாந்து. அப்பாவைப் புதைச்சேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உங்கப்பா இங்கதானே இருக்காரு. காலைல போய்ப் பாத்துட்டு வந்தேன்.”

“ஆமா.”

அவள் சட்டம் சட்டம்தான் என்று சப்பாத்தைக் கழற்றி வாங்கிப் பையில் போட்டுக் கட்டினாள். விரல் நகங்களைக் காட்டச் சொன்னாள். ஒரு சிறிய தூரிகை கொண்டு பத்து நகங்களையும் அவளே தேய்த்துக் கழுவிவிட்டாள். நூரோவா குழந்தை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

வெறுங்காலோடு வீட்டுக்குள் நுழைந்தபோது முன்னறையில் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். சுற்றிலும் பாயில் பெண்கள். பாட்டு நின்றது.

“சப்பாத்து எங்கடா?” என்றாள் கிமியோரா.

“பிடிச்சு வச்சுக்கிட்டாங்க.”

“நாலு தடவை கூப்பிட்டேன்.”

“வர முடியாதுன்னு சொல்லணுமேக்கா.”

அவள் அவன் கையிலிருந்து கோழி வாளியை வாங்கிக்கொண்டாள். “இது யாரு கொடுத்தது?”

“சொல்லக் கூடாதுன்னாரு.”

“அந்தப் படகுக்காரரா?” என்று அவளே சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோனாள்.

போர்வையை இரண்டு பேருமாக விரித்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. அப்பாவின் மேல் இறக்கும்போது நீல இலை இருந்த பக்கம் கால்மாட்டுக்கு வந்தது. கிமியோரா நின்றாள். இருவரும் அதை மறுபடி தூக்கி, சுற்றி வந்து இடம் மாறி, நீல இலை நெஞ்சுக்கு நேராக வரும்படி போட்டார்கள். அப்பாவின் கால் நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன.

“நீ வெட்டினியா?”

“வேற யாரு? நீயா?”

மறுநாள் சனிக்கிழமை. நூரோவாவுக்கு இரண்டாவது. சரியாகப் பத்து மணிக்கு, தீவு வழக்கப்படி வீட்டு வாசலிலேயே, அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். பாட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும், எப்போது குனிந்து மண் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு தடவை செய்தவனுக்குக் கை பழகியிருந்தது.

“பையன் அழவே மாட்டேங்கிறானே,” என்றாள் பாயில் இருந்த ஒருத்தி.

“நேத்தே ஒரு தடவை புதைச்சுட்டானாம்,” என்றாள் இன்னொருத்தி. “பிளேன்ல வர்றதுக்கு முன்னாடி.”

“யாரை?”

“அதான் தெரியல.”

பாதிரியார் பத்து ஐம்பதுக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பினார். சித்தப்பா பிள்ளைகள் சிமெண்டு குழைத்து ஊற்றினார்கள். நூரோவா மட்டப்பலகையை வாங்கித் தானே வழித்துச் சமப்படுத்தினான். பெட்டி அடுக்குகிறவனுக்கு மேடு பள்ளம் பிடிக்காது. ஒரு ஆணியை எடுத்து அப்பாவின் பெயரை எழுதினான். கீழே தேதி எழுத வந்து கையை நிறுத்தினான். அவன் விடுப்புத் தாளில் இருந்தது வெள்ளிக்கிழமைத் தேதி.

“என்னடா யோசனை? வியாழக்கிழமைத் தேதி போடு,” என்றாள் கிமியோரா. “டீ குடிச்சது வியாழக்கிழமை.”

போட்டான். அவள் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்: தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை, பீட்ரூட் சேர்த்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டு பொரித்த கோழி. ஈரச் சிமெண்டுப் பக்கத்தில் கோழிகள் வராமல் ஒரு காலை நீட்டி மறித்துக்கொண்டு, அவன் தட்டு முழுவதையும் சாப்பிட்டான்.

ராரோடொங்கா விமான நிலையத்துக் குறிப்பேட்டில் அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ஆக்லாந்திலிருந்து மாலை நாலே முக்காலுக்கு வந்த விமானம், குறுக்குக் காற்று அடங்காததால், தீவை இரண்டு முறை சுற்றிவிட்டு இறங்காமலே திரும்பிப் போனது. அதை எழுதியவர் தேவாலயச் சுவரைத் தொட்டு எழுதவில்லை.